ஜெமீல் விட்ட நோன்புகள்

மற்ற எல்லாவற்றையும் தில்லையடி ஊர் மன்னித்துவிட்டது. லொறி விஷயத்தைத்தான் மன்னிக்கவில்லை.

ஜெமீல் நோயில் விழுந்த புதிதில் எத்தனையோ கூத்து நடந்தது. ஏறி வந்த சைக்கிளைக் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவனுக்குத் தானம் கொடுத்துவிட்டு நடந்து வந்தான். மகளுக்கு மூன்று வயதாகும்போதே அவள் கல்யாணத்துக்குப் பந்தல்காரனோடு விலை பேசினான். அதையெல்லாம் ஊர் சிரித்துத் தள்ளிவிட்டது. ஆனால் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து சனம் கலைந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசல் மைக்கைப் பிடித்தான். மன்னாரில் எங்கள் காணிகளைத் திருப்பித் தருகிறார்கள், நாளைக்குச் சுபஹு தொழுகை முடிந்ததும் சந்திக்கு லொறிகள் வரும், எல்லோரும் சாமான்களைக் கட்டி வையுங்கள் என்று அறிவித்தான். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு தோணியேறி, கற்பிட்டியில் கரையிறங்கிய சனம் அது. யுத்தம் முடிந்த பிறகு, இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. பள்ளி மைக்கில் வந்தால் நம்பாமல் என்ன செய்யும்? சில குடும்பங்கள் உண்மையாகவே சாமான் கட்டின. விடிந்ததும் சந்தியில் பாயும் பானையும் கோழிக்கூடுமாக வந்து நின்றார்கள். உப்பளத்துக் கங்காணி நெய்னாரின் வாப்பா வீட்டுக் கதிரையைக் கொண்டுபோய்த் தெருவோரம் போட்டு, மத்தியான லுஹர் பாங்கு சொல்லும் வரைக்கும் அதில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மகன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். அடுத்த பெருநாளைக் காணாமலே அந்த மனுஷன் மௌத்தாகிவிட்டார்.

ஜெமீலும் அந்தத் தோணிகளில் ஒன்றில் வந்தவன்தான், ஆறு வயதில், உம்மாவின் மடியில் சுருண்டுகொண்டு. தில்லையடி முகாமில் வளர்ந்தான், படிப்பைப் பாதியில் விட்டான், லொறிகளில் மூட்டை ஏற்றி இறக்கினான், பஸீனாவைக் கல்யாணம் முடித்தான். முப்பது வயதில் நித்திரை அவனை விட்டுப் போனது. நித்திரை போன வழியே நிதானமும் போனது. முதலில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், பிறகு இசிம் எழுதிய தாயத்துக் கட்டினார்கள், கடைசியில்தான் ஆஸ்பத்திரி. மருந்து கேட்டது. சுகம் வந்ததும் இனி மருந்து எதற்கு என்று விட்டான், மறுபடி விழுந்தான். இப்படி விழுந்தும் எழும்பியும் பல வருஷம் போன பிறகுதான், லித்தியம் என்கிற அந்தக் குளிசையை ஆயுளுக்கும் விடக்கூடாது என்பது அவன் மண்டையில் ஏறியது. ஏறிய பிறகு ஒரு குறையும் இல்லை. மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போனான், இரத்தம் கொடுத்தான், வேளைக்கு நித்திரை கொண்டான்.

வேலைதான் கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் அவனைக் கண்டால் அன்பாகப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பார்கள். வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டால் இன்னொரு பிளேன்ரீ வரும். பஸீனா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போட்டு வீட்டை ஓட்டினாள். நாற்பது வயது ஆம்பிளை, உடம்பில் பலம் இருக்கிறவன், பகல் முழுக்க வீட்டுக்குள் இருந்து பெண்சாதி மா குழைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல ஒரு வேதனை கிடையாது. ஒரு நாள் கிளினிக்கில் அதைச் சொல்லி அழுதுவிட்டான்.

கேட்டுக்கொண்டிருந்தவள் கத்தரினா, மனநலப் பிரிவுத் தாதி. சிலாபத்துக்காரி, கழுத்தில் சிலுவை, ஓடித் திரிய ஒரு ஸ்கூட்டர், யாருக்கும் அஞ்சாத வாய்.

“சும்மா இருக்கிற நோவுக்கு எங்ககிட்ட குளிசை இல்ல. அதை வெளியிலதான் தேடோணும்” என்றாள்.

சொன்னதோடு நிற்காமல் தேடவும் செய்தாள். நேரே பள்ளிவாசல் அலுவலக அறைக்குப் போய், அஸ்ஜத் மௌலவியின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அஸ்ஜத் ஜெமீலைவிட வயதில் இளையவர், மனதும் இளகியது. அவர் ரஸாக் ஹாஜியாரை வரச் சொன்னார். ஹாஜியாருக்குக் கடற்களப்பின் ஓரமாகப் பெரிய உப்பளம். இளந்தாரிகள் எல்லாம் கட்டாருக்குப் பறந்துவிட்டார்கள், உப்பு வார ஆளில்லை என்று ஜும்ஆவுக்கு ஜும்ஆ புலம்புகிறவர். சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டுக்கொண்டே வட்டிலப்பத்து இனிப்பையும் கைவிடாத தைரியசாலி. ஆளில்லை என்கிறீர்கள், என்னிடம் ஆள் இருக்கிறது என்று கத்தரினா சொன்னபோது அவரால் தப்ப முடியவில்லை.

அன்றைக்கு மூன்று தரப்பும் வாக்குக் கொடுத்தன. கிளினிக், வாரத்துக்கு ஒரு தடவை உப்பளத்துக்கே வந்து ஆளைப் பார்க்கும். பள்ளி அவனுக்குப் பொறுப்பு நிற்கும். ஹாஜியார் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே வேலையையும் அதே கூலியையும் கொடுப்பார். ஏதும் பிரச்சினை வந்தால் யாரும் தனியாக முடிவெடுத்து அவனை நிற்பாட்டக் கூடாது, மூன்று தரப்பும் கூடித்தான் பேச வேண்டும். ஜெமீலையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்று கத்தரினா ஒற்றைக் காலில் நின்றாள். ஹாஜியார் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

உப்பளத்தில் ஜெமீலின் பெயரைக் கேட்டதும் நெய்னாரின் முகம் கறுத்தது. முதலாளியின் சொல்லை அவர் தட்டவில்லை. களப்புப் பக்கம் கடைசிப் பாத்தியைக் கையால் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு தேவைக்கு மேலே ஒரு சொல் இல்லை. ஜெமீலுக்கு அதில் கோபம் வரவில்லை. அந்தக் கதிரையை அவனும் மறந்தவனில்லை.

உப்பு வாருவது தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு முற்றம் கூட்டுகிற மாதிரித்தான் தெரியும். நீளப் பிடி போட்ட பலகையால், பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பை இழுத்து வரம்பில் குவிக்க வேண்டும். அழுத்தி இழுத்தால் அடிச் சேறும் சேர்ந்து வந்து உப்புக் கறுத்துவிடும். பயந்து இழுத்தால் பாதி பாத்தியிலேயே கிடந்துவிடும். முதல் வாரம் ஜெமீல் வாரியது எல்லாம் கறுப்பு. நெய்னார் வந்து பார்ப்பார், ஒன்றும் பேசாமல் அந்தக் குவியலைத் திரும்பப் பாத்திக்குள் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டுவார். உள்ளங்கை கொப்புளித்து உடைந்து, உடைந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போய் வரும். ஜெமீல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இதை விட்டால் எனக்கு வேறு கதவு இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். மாதம் ஒன்று கழிவதற்குள் பலகை கைக்குப் பழகிவிட்டது. அவன் வரம்பிலும் உப்பு வெள்ளையாகக் குவியத் தொடங்கியது. முதல் கூலியைக் கொண்டுபோய் பஸீனாவின் கையில் வைத்தபோது அவள் மா அரித்துக்கொண்டிருந்த அரிதட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷம் நோயில் வந்த பறக்கிற சந்தோஷமில்லை, காலைத் தரையில் வைத்து நிற்கிற சந்தோஷம்.

அப்படி இருக்கும்போதுதான் ரமழான் வந்தது.

கத்தரினா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். லித்தியம் குடிக்கிறவர் உடம்பில் தண்ணீர் குறையக் கூடாது, அதுவும் உப்பளத்து வெயிலில் நோன்பு பிடிப்பது கூடவே கூடாது என்று டொக்டரும் சொல்லிவிட்டார். ஜெமீல் தலையை ஆட்டினான். நோன்பு பிடிக்கமாட்டேன் மிஸ் என்று வாயாலும் சொன்னான். முதல் நாளே பிடித்தான்.

அவன் பொய் சொன்னதற்குக் காரணம் பக்தி மட்டுமில்லை. சின்னப் பிள்ளை, நித்திரையில் இருக்கிறவன், புத்தி பேதலித்தவன் என்ற மூன்று பேர்மீதும் எந்தக் கடமையும் எழுதப்படுவதில்லை என்று ஓதப் போன காலத்திலேயே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வருத்தமும் வெளியே தெரியாத திடகாத்திரமான ஆள் அவன். நோன்பாளிகளுக்கு நடுவில் பட்டப் பகலில் தண்ணீர் குடித்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பைத்தியத்துக்கு நோன்பு இல்லைதானே என்று நினைப்பான். நோயில் கிடந்த வருஷங்களில் அவன் நோன்பை விட்டபோது ஊரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. இந்த முறை நான்கு பேரோடு ஆளாக நோன்பு பிடித்து, ஆளாக வேலை செய்து, ஆளாகத் திறக்க வேண்டும் என்று முடிவெடுத்தான். பஸீனா மன்றாடிப் பார்த்தாள், கேட்கவில்லை. மிஸ்ஸிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியமும் வாங்கிவிட்டான்.

ரமழானில் உப்பளத்து வேலை சுபஹோடு தொடங்கி லுஹருக்கு முந்தி முடிந்துவிடும். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கை நடுங்கத் தொடங்கியது. வயிற்றால் போனது. பசிக் களைப்பு என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். நோன்பு பாதி கழிந்த நேரம், ஒரு காலையில் பலகையைப் பிடித்தவன் நேராக நிற்க முடியாமல் ஆடினான். என்னவென்று கேட்ட ஆளுக்கு நாக்குக் குளறிப் பதில் வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்படியே பாத்திக்குள் விழுந்தான்.

வரம்பில் நின்றவர்களுக்கு ஒரே எண்ணம்தான் வந்தது. திரும்பவும் வந்துவிட்டது. இரண்டு பேர் அவனைத் தூக்கினார்கள். மூன்றாவது ஆள் என்ன செய்தான் தெரியுமா? பள்ளிக்கு ஃபோன் எடுத்து, முதலில் மைக் அறையைப் பூட்டுங்கள் என்றான். சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் அரை மயக்கத்தில் கிடந்த ஜெமீலின் காதில் அது விழுந்தது, அவனுக்குச் சாகலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்ததும் விஷயம் வெளிச்சமானது. பழைய நோய் திரும்பவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றியதால் லித்தியம் வெளியேறாமல் தேங்கி, மருந்தே நஞ்சாகியிருந்தது. சேலைன் ஏற்றினார்கள். நாலைந்து நாளில் நடுக்கம் அடங்கி, நாக்குச் சரியானது. கத்தரினா கட்டிலருகில் வந்து நின்றாள். அவளுக்குக் கோபம், அந்தக் கோபத்தின் அடியில் பயம்.

“என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க, ஜெமீல்? செத்திருப்பீங்க.”

“பைத்தியம் எண்டு சொல்லிப்போடுவாங்க, மிஸ்.”

“இப்ப என்ன சொல்றாங்க?”

நோன்பு பிடித்து எந்தப் பெயரைத் தவிர்க்க நினைத்தானோ, அதே பெயரை நோன்பு பிடித்தே வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு பள்ளி அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். ஹாஜியார், மௌலவி, கத்தரினா, வேலையாட்கள் சார்பில் நெய்னார். ஜெமீலும் வந்து ஒரு ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்தான். உடம்பு இளைத்திருந்தது. இன்றைக்கு இந்த அறையை விட்டு வேலையோடு போகிறேனா, வேலையில்லாமல் போகிறேனா என்பதைத் தவிர அவன் தலையில் வேறொன்றும் இல்லை.

கத்தரினா முதலில் பேசினாள். இது மனநோய் இல்லை, மருந்தும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட விஷயம். நோன்பு பிடிக்காமல், வேலை நேரத்தில் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தால் இவர் நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். கெட்ட மனுஷனில்லை அவர். ஜெமீல் இனி வெயிலில் நின்று கஷ்டப்பட வேண்டாம், வீட்டில் இருந்து உடம்பைப் பார்க்கட்டும், மாதாமாதம் சாமான் அனுப்பி வைக்கிறேன் என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. ஜெமீல் அந்த முகத்தைப் பார்த்தான். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்த கடைக்காரர்களின் அதே முகம். அடித்து விரட்டியிருந்தால்கூடத் திருப்பி ஒரு சொல் கேட்கலாம், இந்த இரக்கத்தை என்ன செய்வது?

மௌலவியும் தன் பங்குக்கு, அண்ணன் முறை வைத்து நானா என்று அழைத்து, ஆறுதல் சொன்னார். “நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம், நானா. உங்கள்ல நோன்பு கடமை இல்ல. உங்கள்ல ஒண்டுமே கடமை இல்ல. அல்லாஹ் லேசாக்கி வச்சிருக்கான்.”

அப்போதுதான் ஜெமீல் நிமிர்ந்தான். கை நடுங்குவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று இரண்டு கையையும் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

“மௌலவி, மார்க்கத்தில ஒரு மஸ்அலா கேக்கணும். ஹாஜியாருக்குச் சீனி வருத்தம். நோன்பு பிடிக்கிறல்ல. அவர் பித்யா குடுக்கிறார்தானே?”

ஓம் என்றார் மௌலவி. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் பதிலாக ஏழைக்கு அரிசி கொடுப்பதுதான் பித்யா. தீராத வருத்தக்காரருக்கு அது கடமை. ஹாஜியார் வருஷா வருஷம் கொடுத்து வருவது ஊரறிந்த விஷயம்.

“பைத்தியக்காரனுக்கு?”

மௌலவி தயங்கினார். “அவனுக்கு நோன்பும் இல்ல, பித்யாவும் இல்ல.”

“அப்ப என்ட கதைய சொல்லுங்க. என்ட வருத்தமும் ஆயுளுக்கும்தான், குளிசையும் ஆயுளுக்கும்தான். நான் விடுற நோன்புக்கு என்னில பித்யா கடமையா, இல்லயா?”

அவன் என்ன கேட்கிறான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது, கத்தரினாவுக்கும்கூட. கடமை இல்லை என்றால் அவன் பைத்தியம், வீட்டுக்குப் போய் ஹாஜியார் அனுப்பும் சாமானைச் சாப்பிட வேண்டியதுதான். கடமை என்றால் அவன் ஹாஜியாரைப்போல ஒரு வருத்தக்காரன். ஹாஜியாரை யாரும் வீட்டில் இருக்கச் சொல்லவில்லை.

ஆறுதல் என்று நினைத்துத் தான் சற்றுமுன் சொன்ன சொல் இந்த மனுஷனை எங்கே கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறது என்று அஸ்ஜத் மௌலவி யோசித்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். பிறகு ஜெமீலின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கடமை” என்றார். “உங்கள்ல பித்யா கடமை, நானா. நீங்க குடுக்கத்தான் வேணும்.”

ஒரு கடனைத் தலையில் வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவனை அந்த அறை கண்டிருக்காது. ஜெமீல் அழவில்லை, ஆனால் மூச்சு நீளமாக வந்தது. குடுக்கிறேன், என் கூலியில் இருந்து குடுக்கிறேன் என்றான். கூலி என்ற சொல்லைச் சொல்லும்போது ஹாஜியாரைப் பார்த்தான். ஹாஜியார் தாடியைத் தடவினார், மேசையைப் பார்த்தார், கத்தரினாவைப் பார்த்தார். எங்கும் ஒளிய இடமில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. நோன்பாளிகள் கண்ணில் படாமல் உப்புக் கொட்டிலுக்குப் பின்னால் போய்க் குடிக்கட்டும், அதுதான் மரியாதை என்றார் ஹாஜியார். அவர் வீட்டிலும் அப்படித்தானாம், குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. ஜெமீல் முடியாது என்றான். மறைத்துச் செய்த காரியம் என்னை எங்கே படுக்க வைத்தது என்று பார்த்தீர்கள்தானே, இனி மறைக்கிற வேலை வேண்டாம் என்றான். இவர் குடிக்கிறாரா என்று நாலு பேர் பார்க்க வேண்டும், அதுதான் நல்லது என்று கத்தரினாவும் சேர்ந்துகொண்டாள். மௌலவி அதற்கும் சம்மதித்தார். நெய்னார் மட்டும் கடைசிவரை ஒரு சொல்லும் பேசவில்லை. எழும்பிப் போகும்போதும் ஜெமீலைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸீனா விட்ட நோன்புகளுக்கும் மிச்ச நோன்புகளுக்கும் சேர்த்து அரிசியை அளந்து கட்டினாள். இரண்டு பேருமாகக் கொண்டுபோய், பிள்ளைகளோடு தனியாகக் கஷ்டப்படும் ஒரு பெண்ணின் வீட்டில் கொடுத்தார்கள். ஜெமீலின் வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்கு அரிசி போனது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை சுபஹு முடிந்து அவன் உப்பளத்துக்குப் போனான். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அதே கடைசிப் பாத்தி. அவன் விழுந்த நாளிலிருந்து யாரும் வாராததால் உப்பு நன்றாக இறுகிக் கிடந்தது. பலகையை வைத்து இழுத்தான். கை நடுங்காமல் வைத்த இடத்தில் நின்றது. வெயில் ஏறி உப்புத் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும் நேரம் வந்ததும், பலகையைச் சாத்திவிட்டு வரம்பில் ஏறினான். தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்தபோது எல்லாப் பலகையும் நின்றுபோனது அவனுக்குத் தெரிந்தது. உதடு வெடித்த, தொண்டை காய்ந்த மனிதர்கள், அத்தனை பேரும் பார்க்கிறார்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு குடித்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. திரும்பவில்லை. வரம்பில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் குடித்தான். அவன் உடம்பு முழுக்கக் கூசியது. ஆனாலும் நிறுத்தவில்லை. பாதிப் போத்தலை முடித்து மூடியைத் திருகும்போது பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது.

நெய்னார் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் நோன்பு, உதடு வெளுத்திருந்தது. வரம்பில் குவிந்திருந்த உப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தார், திரும்பக் குவியலில் போட்டார். பிறகு போத்தலைக் காட்டினார்.

“மிச்சத்தையும் குடி” என்றார். “லுஹருக்கு முந்தி கிழக்குப் பாத்தியையும் நீதான் வாரணும்.”